பதிவில் விழாத பதில்

மாநாட்டு வாசலில் கழுத்தில் மாட்டிக்கொள்ளக் கொடுத்த அட்டையில், பெயருக்குக் கீழே 'வருங்கால ஆங்கில ஆசிரியை' என்று அச்சடித்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் சின்னவளுக்குச் சிரிப்பு வந்தது. வருங்கால மாப்பிள்ளை என்று சொல்லிக்கொண்டு திரிகிறவனுக்கும் இவளுக்கும் பெரிய வித்தியாசமில்லை. நடந்தால்தான் உண்டு.

நடக்குமா என்பது அவளுக்கே தெரியாது. கல்லூரியில் கடைசிப் பருவத்துக்குப் பெயர் கொடுப்பதா, இல்லை இதோடு விட்டுவிட்டு அலுவலக நிர்வாகப் படிப்புக்கு மாறிக்கொள்வதா என்று வருகிற திங்கட்கிழமை விரிவுரையாளரிடம் சொல்லியாக வேண்டும். ஒரு பள்ளிக்கூடத்தில் அவள் எடுத்த பயிற்சி வகுப்புகளைக் கேட்டுவிட்டு, அவர் ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டார்: 'குரல் எழும்பவில்லை. வகுப்பு கையில் நிற்கவில்லை.'

கேட்டுவிட்டு என்றுதான் சொல்ல வேண்டும், பார்த்துவிட்டு என்று சொல்ல முடியாது. அவருக்குக் கீழே பயிற்சி மாணவர்கள் ஏராளம். ஊரின் நாலு மூலையிலும் இருக்கும் பள்ளிகளுக்கு ஒரே ஆள் எப்படி ஓடுவார்? ஆளுக்கு ஒரு ஒலிப்பதிவுக் கருவியைக் கொடுத்து, மேசைமேல் வைத்துக்கொண்டு பாடம் நடத்தச் சொல்லிவிடுவார். அதனால் மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் டேப் சார். டேப் ஒழிந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. கெட்ட மனிதர் இல்லை. காதில் மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி, ஒவ்வொரு வகுப்பையும் முழுக்கக் கேட்பார். அந்தப் பொறுமை எத்தனை பேருக்கு வரும்? ஆனால் காதை மட்டும் வைத்துக்கொண்டு வகுப்பை எடைபோடுவது, வாசனையை வைத்துக் குழம்புக்கு உப்புப் பார்க்கிற காரியம். இதை அவரிடம் எடுத்துச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. சின்னவளுக்கு வருமா?

வீட்டில் அவளுக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர். வைத்தது அக்கா. அக்காவுக்குப் பல் மருத்துவமனையில் வேலை. நாள் முழுக்க அடுத்தவர்களை வாயைத் திறக்கச் சொல்வதே அவளுக்குப் பிழைப்பு. வீட்டுக்கு வந்தும் அந்தப் பழக்கம் போகவில்லை.

"போறதுதான் போற, அங்கயாவது நாலு பேர்கிட்ட வாயைத் திறந்து பேசு. திறந்தா முத்து ஒண்ணும் உதிர்ந்துடாது," என்றாள் காலையில், தன் கறுப்புக் கைப்பையை இரவல் கொடுத்துக்கொண்டே.

"அவளை விடுடி," என்றாள் அம்மா, தைத்துக்கொண்டிருந்த திரைச்சீலையிலிருந்து தலையைத் தூக்காமல். "முடியலன்னா வேற படிச்சுட்டுப் போறா. ஆபீஸ் வேலைன்னா தொண்டையாவது மிஞ்சும்."

அப்பா லிப்ட் பழுதுபார்ப்பவர். அவருக்குத் தெரிந்த ஆறுதலை அவர் சொன்னார். "சத்தம் போடாத லிப்ட்தாம்மா நல்ல லிப்ட்."

"அப்பா, அவ லிப்ட் இல்ல," என்றாள் அக்கா.

இந்த மூன்று பேரின் ஆசீர்வாதத்தையும் வாங்கிக்கொண்டுதான் சின்னவள் மாநாட்டுக்கு வந்திருந்தாள். வந்ததற்குக் காரணம் ஒன்றுதான். உண்மையான ஆசிரியர்கள் எப்படி இருப்பார்கள் என்று ஒருமுறை கூட்டமாகப் பார்த்துவிட வேண்டும். அவர்கள் வேறு மண்ணால் செய்யப்பட்டவர்களாக இருந்தால், பேசாமல் மாறிக்கொள்ளலாம்.

வேறு மண் எல்லாம் இல்லை. காபிக்கு வரிசையில் நிற்கச் சொன்னால் பாதிப் பேர் குறுக்கே நுழைந்தார்கள். மேடையில் பேச்சு நடக்கும்போது பின்வரிசையில் கைப்பேசி பார்த்தார்கள். பதிப்பகத்தார் இலவசமாகக் கொடுத்த பேனாக்கள், ஆளுக்கு ஒன்று என்று எழுதி வைத்திருந்தும், கைப்பைகளுக்குள் கொத்தாகப் போயின. மேடையில் வாய் நிறைய ஆங்கிலம், கீழே இறங்கியதும் பேரம், வம்பு, மூட்டு வலி எல்லாம் தாய்மொழியில். சின்னவளுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

அவளோடு படிக்கிறவர்கள் எல்லோரும் 'விளையாட்டு வழியே இலக்கணம்' நடக்கிற அறைக்கு ஓடிவிட்டார்கள். அங்கே பரிசு உண்டு என்று கேள்வி. சின்னவளும் போயிருக்கலாம். ஆனால் பக்கத்து அறையில் பேசப் போகிறவர் டேப் சார். வராமல் போனால் தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் உள்ளே போய், கடைசியில், தூணுக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்தாள். கதவில் தலைப்பை ஒட்டியிருந்தார்கள். 'வகுப்பறையில் மௌனம்.'

அந்த மேசையில் ஏற்கெனவே மூன்று பேர் இருந்தார்கள். ஒருவர் ஒரு பெரிய பள்ளியின் தலைமையாசிரியை. எதிரே பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, போகிற வருகிறவர்களை எல்லாம் நிமிர்ந்து உட்காரச் சொல்லிவிடுவார் போலிருந்தது. இன்னொருவர் டியூஷன் சார். பள்ளி, கல்லூரி எதையும் நம்பாமல் சொந்தமாக மூன்று மாடியில் நடத்துகிறவர். மூன்றாவது, பாலர் வகுப்பு டீச்சர். சிரித்த முகம், சட்டைக் கையில் இன்னும் காயாத வண்ணப்பூச்சு.

டேப் சார் வணக்கம் சொல்லி, ஒலிபெருக்கி மக்கர் செய்து, அதற்கு ஒருவர் வந்து தட்டி, எல்லாம் ஆன பிறகு விஷயத்துக்கு வந்தார். "ஒரு பயிற்சி ஆசிரியையின் வகுப்பைப் போடுகிறேன். யார், எந்தப் பள்ளி என்று சொல்ல மாட்டேன். ஒரு கேள்வி கேட்கிறார். பதில் வரவில்லை. பிறகு என்ன நடக்கிறது என்று கேளுங்கள்."

தன் குரலை வெளியிலிருந்து கேட்டால் யாருக்கும் சட்டென்று அடையாளம் தெரியாது. யாரோ மூக்கடைப்புக்காரப் பெண், பாவம், என்றுதான் சின்னவளும் முதலில் நினைத்தாள். அந்தப் பெண் ஆங்கிலத்தில் கேட்டாள், "நாளைக்கு விடுமுறை. நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள்?" உடனே ஒரு பையன், எதற்கும் முந்திக்கொள்கிற குரல், "நான் தூங்குவேன் டீச்சர்!" என்று கத்தினான். அந்தக் குரலை உலகத்தின் எந்த மூலையில் கேட்டாலும் சின்னவளுக்குத் தெரியும்.

அவளுடைய வகுப்புதான். பயிற்சியின் கடைசி நாள்.

வருஷ ஆரம்பத்தில், பதிவுகளைப் பாடத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளலாமா, பெயர் வெளியே வராது என்று சார் எல்லோரிடமும் கேட்டிருந்தார். எல்லோரையும் போல இவளும் தலையாட்டியிருந்தாள். அவர் வாக்கை மீறவில்லை. பெயரைச் சொல்லவில்லைதான். குரலை என்ன செய்வது என்று இரண்டு பேரும் யோசிக்கவில்லை.

ஒலிபெருக்கியில் அவள் குரல் மறுபடி, "நீ?" என்று கேட்டது. பிள்ளைகள் கோரஸாக, "அவ பேச மாட்டா டீச்சர்!" என்றார்கள். அரங்கில் சிரிப்பு. எந்த வகுப்பில்தான் அப்படி ஒரு பிள்ளை இல்லை? அதற்குப் பிறகு மௌனம். நீண்டுகொண்டே போன மௌனம். அரங்கில் ஆட்கள் நெளிந்தார்கள். பதிவில் பிள்ளைகள் கெக்கெக்கென்று சிரித்தார்கள். அதற்கும் பிறகு அந்த மூக்கடைப்புக் குரல், "நன்றி. ரொம்ப நல்ல பதில். போய் உட்காரு," என்றது.

அரங்கமே வெடித்துச் சிரித்தது.

"யாருக்குச் சொல்றா? சுவத்துக்கா?" என்றார் டியூஷன் சார், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

சின்னவள் மட்டும் சிரிக்கவில்லை. அந்த மௌனத்துக்குள் என்ன நடந்தது என்று அந்த அறையில் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். கடைசி பெஞ்சுப் பெண், பயிற்சி தொடங்கிய நாளிலிருந்து ஒரு வார்த்தை பேசாதவள், எழுந்தாள். உட்கார்ந்த இடத்திலிருந்து பேசாமல், பெஞ்சைச் சுற்றிக்கொண்டு, வகுப்பு நீளத்துக்கு நடந்து மேசைக்கு வந்தாள். குதிகாலைத் தூக்கி, டீச்சர் காதோடு வாயை வைத்து, தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் சொன்னாள். "நாளைக்கு என் அம்மா வராங்க. நான் வாசல்லயே நிப்பேன்." சொல்லிவிட்டு, "யாருக்கும் சொல்லாதீங்க டீச்சர்," என்று நம் மொழியில் சேர்த்துக்கொண்டாள். அவள் பெரியம்மா வீட்டில் வளர்கிற பிள்ளை என்பதும், அம்மா வருவதாகச் சொல்லி வராமல் போன கதைகளும் சின்னவளுக்கு ஏற்கெனவே காதில் விழுந்திருந்தன. அவள் எழுந்து நடந்து வந்ததைப் பார்த்த ஆச்சரியத்தில்தான் மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள்.

அந்தப் பயிற்சி முழுவதிலும் சின்னவள் பொத்தி வைத்துக்கொண்டிருந்தது அந்த ஒரு நிமிஷத்தைத்தான். அது இல்லாவிட்டால் அவள் என்றைக்கோ அலுவலக நிர்வாகத்துக்குப் போயிருப்பாள். அதைத்தான் இப்போது நடுவில் வைத்துச் சிரிக்கிறார்கள்.

"ஒவ்வொரு மேசையும் கலந்து பேசுங்கள்," என்றார் டேப் சார். "இந்த ஆசிரியை என்ன செய்திருக்க வேண்டும்? தாளில் எழுதி, ஒருவர் எழுந்து வாசிக்க வேண்டும்."

மேசையில் பெரிய தாளும் தடிப் பேனாவும் வந்தன. எந்த ஆசிரியர் கூட்டத்திலும் எழுதுகிற வேலை வயதில் சின்னவர் தலையில்தான் விழும். மூன்று பேரும் ஒரே சமயத்தில் சின்னவளைப் பார்த்தார்கள். அவள் தொண்டையைத் தொட்டுக் காட்டித் தலையை ஆட்டினாள். பேசினால் தீர்ந்தது கதை. இப்போதுதானே அந்தக் குரலை எல்லோரும் காதில் வாங்கியிருக்கிறார்கள்!

"தொண்டை கட்டிக்கிச்சா, பாவம்," என்று பாலர் வகுப்பு டீச்சர் ஒரு மிட்டாய் மாத்திரையை எடுத்துக் கொடுத்தார். "இதை அடக்கிக்கோ. எங்க வேலைக்கு இது இல்லாம ஆகாது."

"பேசத்தான் முடியல, எழுதலாம்ல? எழுதும்மா," என்றார் தலைமையாசிரியை. "முதல்ல, குரல். இந்தப் பொண்ணுக்குக் குரலே இல்ல. பக்கத்துல இருக்கறவனுக்கே கேக்காது. குரல் பயிற்சி வேணும்னு எழுது."

சின்னவள் எழுதினாள். கையெழுத்து அழகாக வந்தது. தன்னைப் பற்றிய குற்றப்பத்திரிகையைத் தானே முத்து முத்தாக எழுதுகிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

"அப்புறம், ரொம்ப நேரம் காக்க வெச்சுட்டா," என்றார் டியூஷன் சார். "வகுப்பே கைவிட்டுப் போச்சு, சிரிக்குதுங்க."

எழுதினாள்.

"பதிலே வராதபோது நல்ல பதில்னு பாராட்டக் கூடாது. பிள்ளைங்க மதிக்காது," என்றார் தலைமையாசிரியை, பிஸ்கட்டை நொறுக்கிக்கொண்டே.

அதையும் எழுதினாள். முகம் எரிந்தது. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு பாதி, இவர்கள் சொல்வது சரிதானே என்று ஒத்துக்கொண்டது. குரல் இல்லைதான். சொல்வதையெல்லாம் கேட்டுக்கொள்ளலாம், வீட்டுக்குப் போய் அழுதுகொள்ளலாம், திங்கட்கிழமை மாறிக்கொள்ளலாம்.

"கடைசியா ஒண்ணு எழுதும்மா," என்றார் டியூஷன் சார். "அந்தப் பிள்ளை தேறாத கேஸ். எல்லா வகுப்புலயும் ரெண்டு இருக்கும். அதுங்க மேல நேரத்தை வீணாக்காம, பதில் சொல்றவங்ககிட்டப் போயிடணும். என் அனுபவத்துல சொல்றேன்."

பேனா நின்றது.

"எழுதும்மா," என்றார் தலைமையாசிரியை.

சின்னவள் பேனாவை மூடி மேசைமேல் வைத்தாள். தன்னைச் சொன்னவரைக்கும் வெட்கமாக இருந்தது. அந்தப் பெண்ணைச் சொன்னதும் கோபம் வந்துவிட்டது. இப்படி ஒரு கோபம் தனக்கு வரும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. குதிகாலைத் தூக்கிக்கொண்டு நின்றதைப் பார்த்திருக்கிறாரா இவர்? தேறாத கேஸாம்.

மற்ற மேசைக்காரர்கள் எழுந்து வாசித்தார்கள். எல்லோரும் கிட்டத்தட்ட இதையேதான் வேறு வேறு அழகில் சொன்னார்கள். டேப் சார் ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தார். அவர் கண் தூண் பக்கம் வந்தது. தூரப்பார்வை கொஞ்சம் மங்கல் அவருக்கு. "அந்தக் கடைசி மேசை?"

"தொண்டை சரியாயிடுச்சுன்னா நீயே வாசிம்மா," என்றார் டியூஷன் சார். "சின்னவங்க பேசினாத்தான் அழகு."

வாயில் மாத்திரை கரைந்து போயிருந்தது. இருமிவிட்டுத் தாளை அவரிடமே நீட்டியிருக்கலாம். யாரும் எதுவும் நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் அவர் வாசித்தால், எழுதாமல் விட்ட அந்தக் கடைசிக் குறிப்பையும் சொல்லிவிடுவார். அரங்கம் ஆமாம் ஆமாம் என்னும்.

எழுந்தாள். தாளைப் பிடித்துக்கொண்டு ஆங்கிலத்தில், "முதலாவது, ஆசிரியைக்குக் குரல் பயிற்சி வேண்டும்," என்றாள்.

அவ்வளவுதான். பாலர் வகுப்பு டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். தலைமையாசிரியையின் கையில் பிஸ்கட் பாதி வழியில் நின்றது. முன்வரிசைகளில் ஒவ்வொரு தலையாகத் திரும்பியது. இப்போதுதான் கேட்ட மூக்கடைப்பு, அச்சு அசல். டேப் சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

"ஆமாம் சார், நான்தான்," என்றாள். குரல் பெரிதாக எழும்பவில்லை. ஆனால் அரங்கில் வேறு சத்தமே இல்லாததால் போதுமானதாக இருந்தது. "எங்கள் மேசையில் சொன்னதெல்லாம் எழுதியிருக்கிறேன். என்னைப் பற்றியது எல்லாம் சரிதான், ஒத்துக்கொள்கிறேன். அந்த மாணவியைப் பற்றிச் சொன்னதை மட்டும் எழுதவில்லை. அவள் பதில் சொன்னாள். நீங்கள் எல்லோரும் மௌனம் என்கிறீர்களே, அப்போது அவள் நடந்து வந்துகொண்டிருந்தாள்."

டேப் சார் குனிந்து ஒலியைக் கூட்டி, அந்த இடத்தை மறுபடி போட்டார்.

இப்போது கேட்டது. மின்விசிறி இரைச்சலுக்கு அடியில், தூரத்தில் பெஞ்சு நகர்கிற சத்தம். பிறகு செருப்புச் சத்தம். சின்னக் கால்கள், அவசரமில்லாமல், நின்று நின்று, பக்கத்தில் வந்துகொண்டே இருந்தன. மேசை அருகே ஓய்ந்தன. என்னவென்று புரியாத ஒரு கிசுகிசுப்பு. பிள்ளைகளின் சிரிப்பு. 'நன்றி. ரொம்ப நல்ல பதில். போய் உட்காரு.' திரும்பிப் போன செருப்புச் சத்தம் வந்ததைவிட வேகமாக இருந்தது.

யாரும் சிரிக்கவில்லை. தலைமையாசிரியை பிஸ்கட்டைப் பொட்டலத்துக்குள்ளேயே வைத்துவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அடடா," என்றார் டியூஷன் சார். உண்மையாகவே நெகிழ்ந்துபோய்விட்டார் மனிதர். "அப்படி என்னம்மா சொன்னா? சொல்லு, கேப்போம்."

அரங்கமே காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது. சொல்லிவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்! இரண்டே வாக்கியம். பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். கைதட்டல்கூட விழலாம்.

"அது சொல்றதுக்கில்ல சார்," என்றாள் சின்னவள். "என் காதுல சொன்னது."

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். பாலர் வகுப்பு டீச்சர் மேசைக்கு அடியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அதன் பிறகு டேப் சார் என்ன பேசினார், கூட்டம் எப்படி முடிந்தது என்று சின்னவளுக்கு ஒன்றும் மனதில் நிற்கவில்லை.

வெளியே தாழ்வாரத்தில், புத்தகக் கடைகளைத் தாண்டி, மாடிப்படி அருகே டேப் சார் அவளுக்காக நின்றுகொண்டிருந்தார். கையில் கருவி, அதன் ஒயரைச் சுற்றிச் சுற்றிப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"உங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்மா. தப்பு என்னோடது."

"பரவால்ல சார்."

"நான் எத்தனை தடவை கேட்டேன் தெரியுமா அதை? அந்த நடைச் சத்தம் என் காதுலயே விழல." தலையை ஆட்டிக்கொண்டார். "சரி, எனக்காவது சொல்லேன். அவங்களுக்குச் சொல்ல வேண்டாம். நான் அந்த வகுப்புக்கு மறுபடி மதிப்பெண் போடணும். பதில் என்னன்னு தெரியாம எப்படிப் போடுவேன்?"

சின்னவள் யோசித்தாள். பொய்யாகச் சொல்ல வேண்டியதில்லை, மரியாதைக் குறைவாகவும் சொல்ல வேண்டியதில்லை. "அப்போ பழைய மதிப்பெண்ணே இருக்கட்டும் சார்," என்றாள்.

கோபித்துக்கொள்வாரோ என்று நினைத்தாள். அவர் ஒயரைச் சட்டைப்பையில் திணித்தார்.

"திங்கட்கிழமை என்கிட்ட என்னவோ சொல்றதா இருந்தியே."

"இப்பவே சொல்லிடறேன் சார். கடைசிப் பருவத்துக்கு என் பேரை எழுதிக்குங்க. அதே பள்ளிக்கூடம் வேணும். அதே வகுப்பு."

"அதே வகுப்பா? நல்லதா ஒண்ணு பாத்துத் தரேனே. அந்தப் பசங்க உன்னைப் படுத்தினது போதாதா?"

"இல்ல சார், அங்கதான் போகணும்," என்றாள் சின்னவள். "அன்னைக்குக் கடைசி நாள். நாளைக்கு என்ன செய்யப் போறீங்கன்னு கேட்டேன், அவ சொன்னா. மறுநாள் அது நடந்துச்சான்னு எனக்கு இன்னும் தெரியாது."